பிடில் மெட்டும் முத்துசாமி தீட்சிதரும்

கல்லங்குறிச்சி போன்ற நம் வட்டாரத்து ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது, நாயனக்காரர் கீர்த்தனைகளை வாசித்து முடித்துவிட்டுத் துள்ளல் நடையில் ஒரு சிறு மெட்டை எடுத்தால் கூட்டம் சற்றே நிமிர்ந்து நிற்கும். அதனை ‘நோட்டு’ என்பர். ஆங்கிலேயர் மெட்டு நம் இசைக்குள் புகுந்த கதையை அறிய விழைவோர், சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதரின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றினார். தந்தையார் இராமசாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தைப் படைத்தவர் எனப் போற்றப்படுபவர். சின்னசாமி, பாலுசாமி என இரு தம்பியரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் அவருக்கு உண்டு. மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் இக்குடும்பத்தைச் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடியமர்த்தி ஆதரித்தார். அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் கும்பினியாருக்குத் துபாஷியாக இருந்தவர். அவர் வாயிலாகவே இச்சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையர் பேண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது.

அங்கே ஒலித்தவை பெரும் இசைமேதைகளின் படைப்புகள் அல்ல. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிடில்காரர்கள் கூத்துக்கும் களிப்புக்கும் வாசித்து வந்த நாட்டுப்புற மெட்டுகளும், படை நடைக்குரிய மெட்டுகளுமே மிகுதி. வேறொருவராயின் கேட்டு வியந்து வீடு திரும்பியிருப்பார். இவர்களோ இரு வேறு வழிகளில் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடிலையே பயின்றார். தமையனார் அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். அவையே நோட்டுசுவர சாகித்தியங்கள். ஏறத்தாழ 40 உருப்படிகள்.

இதில் அவர் கையாண்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மேலை மெட்டின் சுவர வரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்தது. ஆயினும் சங்கராபரணம் கமகத்தால் உயிர்பெறுவது. அந்த மெட்டுகளோ சுவரங்களை அசைக்காமல் நேராக நிறுத்துபவை. தீட்சிதர் கமகம் சேர்த்து அவற்றைத் திருத்த முற்படவில்லை. மெட்டை வந்த வடிவிலேயே விட்டு, அதன் குறில் நெடில் ஓட்டத்திற்கு இணங்கச் சொல்லை அமைத்தார். இரவல் பொருளைச் சிதைக்காமல் பயன்படுத்திய நாணயம் என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. பிரித்தானிய அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. அரசருக்குரிய இசை சங்கீத சியாமளைக்கு உரியதாயிற்று. அயர்லாந்தின் மல்லோ என்னும் ஊர்ப் பெயரைத் தாங்கிய களியாட்ட மெட்டு ‘வந்தே மீனாட்சி’ ஆயிற்று. ‘தாஸா ப தாஸா’ என்னும் பாரசீகப் பாடலின் மெட்டையும் இத்தொகுதியில் ஆய்வாளர் அடையாளம் கண்டுள்ளனர். கடல் கடந்து வந்ததா, கைபர் கணவாய் கடந்து வந்ததா என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிடில்காரர் மெட்டைக் கொண்டு பெரும் படைப்பு செய்தல் ஐரோப்பாவிலும் உண்டு. தனிக் கலைஞர் ஒருவரோ பலரோ பெருங்குழுவோடு எதிர்நின்று வாசிக்கும் கன்செர்ட்டோ என்னும் வகையை அந்நாட்டார் வளர்த்தனர். ஜெர்மானியரான மாக்ஸ் புரூக் அதனையொத்த அமைப்பில், வயலினுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக, ஸ்காட்லாந்து மெட்டுகளைக் கொண்டு 1880-இல் ஒரு படைப்பை முடித்தார். அவர் மெட்டை விரித்தார்; தீட்சிதர் மெட்டுக்கு மொழி கொடுத்தார்.

நோட்டுசுவரங்களைச் சிறுபிள்ளை விளையாட்டு எனத் தள்ளும் வித்துவான்களும் உளர். கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளின் எடை இவற்றிற்கு இல்லை என்பது மெய்யே. சிதம்பரநாத யோகியோடு காசி சென்று, ஆண்டுகள் சில தங்கி, வடநாட்டு இசையையும் உள்வாங்கித் திரும்பிய தீட்சிதரின் பெருமை அப்பெரிய கீர்த்தனைகளிலேதான் நிற்கிறது. ஆனால் அந்நிய இசைக்குச் செவியை அடைத்துக்கொண்ட ஒருவரால் காசியில் கேட்டதை அவ்வாறு செரித்திருக்க இயலுமா என்பது என் ஐயம்.

தம்பியின் செயலோ இன்னும் நீண்ட பயன் தந்தது. தோளில் சாய்த்து நின்று வாசிக்கும் கருவி இங்கே தரையில் அமர்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் கருவியாயிற்று. தந்திகளின் சுருதியும் ச-ப-ச-ப என மாறியது. இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது.

பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். நம் உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் விளங்கிய காலமும் அதுவே. பாளையங்களே அந்நாளில் கலைக்குப் புகலிடம். தம்பி வாழ்ந்த எட்டயபுரத்திலேயே 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் முத்துசாமி தீட்சிதர் மறைந்தார். அவர் சமாதி அங்கே உள்ளது. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், 1905-இல் வெளியிட்ட தொடக்கப் பயிற்சி நூலில் நோட்டுசுவரங்களையும் சுரப்படுத்திச் சேர்த்தார். பாட்டு வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இன்றும் அவற்றைப் பாடுகின்றனர். மல்லோ எங்கிருக்கிறது என்று அவர்களை எவரும் கேட்பதில்லை.