துப்பாக்கி ஓசையை அடக்கிய மாக்சிம்

இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹிராம் மாக்சிம், அதன் பேரோசையால் செவிப்புலனை இழந்தவர். 1869ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த அவரது மகன் ஹிராம் பெர்சி மாக்சிமோ, துப்பாக்கி ஓசையை அடக்கும் சைலென்சருக்கு 1909இல் காப்புரிமை பெற்றார்.

குண்டைத் தொடர்ந்து சீறிவரும் வாயுவை உள்தகடுகளில் சுழலவிட்டு, அதன் வேகத்தைக் குறைப்பதே செயல்முறை. ஆனால் வெப்பமும் அழுத்தமும் முதல் தகட்டையே அதிகம் அரிக்கின்றன. கருவி நேர்கோட்டிலிருந்து சற்று விலகினாலும், குண்டே தகடுகளைச் சிதைத்துவிடும். ஒலியை விஞ்சிப் பாயும் குண்டு காற்றில் எழுப்பும் ஓசையும் அடங்குவதில்லை.

குற்றக் கும்பல்களைக் கட்டுப்படுத்த 1934இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், சைலென்சருக்கும் 200 டாலர் வரி விதித்தது. மாக்சிம் 1936இல் காலமானார். அது செவியைக் காக்கும் கருவியா, கொலையை மறைக்கும் கருவியா என்ற விவாதம் அவருக்குப் பின்னரும் ஓயவில்லை.