கடிகாரத்தை வெல்ல ஓடியவர்

தேகப்பயிற்சியைத் தொடங்குவோர் பலர். விடாது செய்வோர் சிலரே. உடல் நலமுறும் என்ற பொதுவான எண்ணம் மட்டும் நெடுநாள் நிலைப்பதில்லை. அளந்தறியத்தக்க இலக்கொன்று வேண்டும். பின்லாந்து தேசத்து ஓட்டவீரர் பாவோ நூர்மியின் வாழ்க்கை இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

நூர்மி 1897ஆம் ஆண்டில் தூர்க்கு நகரிலே தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1910இல் தந்தையார் காலமாகவே, பள்ளியை விடுத்து, பேக்கரி ஒன்றில் ஏவலாளாயினார். மேட்டுத் தெருக்களிற் பாரவண்டி தள்ளியமை கால்களுக்கு உரமூட்டிற்று.

1920இல் அன்ற்வேர்ப் ஒலிம்பிக் விழாவில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வென்றாரெனினும், 5,000 மீற்றரிலே தோல்வி கண்டார். பின்னர், நிறுத்தற்கடிகாரத்தைக் கையிலேந்தி ஓடுவதை வழக்கமாக்கினார். அருகில் ஓடுபவரை நோக்காது, சுற்றுத்தோறும் தாம் வகுத்த நேரத்தையே நோக்கினார். 1924 ஜூலை 10ஆந் திகதி பாரிஸ் நகரில், இரண்டு மணித்தியாலத்துக்குள் 1,500, 5,000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் ஒலிம்பிக் சாதனையுடன் வென்றார்.

மூன்று ஒலிம்பிக் விழாக்களில் 9 தங்கமும் 3 வெள்ளியும் பெற்ற அவரை, ஓட்டத்துக்குப் பணம் பெற்றாரென்று 1932இல் விலக்கினர். ஆயினும் 1952இல் தம் 55ஆம் வயதில், ஹெல்சிங்கி மைதானத்துக்கு ஒலிம்பிக் சுடரை ஏந்தி வந்தார். 1973இல் மறைந்தார்.

போட்டியில் முதலிடம் ஒருவர்க்கே உரியது. நேற்றைய நேரத்தினின்றும் ஒரு விநாடியைக் குறைக்கும் வெற்றியோ கடைசியாக வரும் மாணவனுக்கும் உரியது. அந்த ஒரு விநாடியே அவனை நாளையும் மைதானத்துக்கு அழைத்துவரும் என்பது நம் துணிபு.