பட்டம் வாங்காதவர் விட்ட பட்டம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆளுக்கொரு அறிஞரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எடிசனை ஒருத்தன் எடுத்துக்கொண்டான், விஸ்வேஸ்வரய்யாவை ஒருத்தன் எடுத்துக்கொண்டான், கலாம் ஐயாவை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் பெயரைச் சொன்னதும் யார் அது என்று கேட்டார்கள். சாமுவேல் ஃபிராங்க்ளின் கோடி. நூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் இவர் பெயர் தெரியாத சின்னப் பையன்கூடக் கிடையாது. இன்று நம்மில் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் எனக்குக் கிடைத்தது ஒரு கடற்கரையில். போன லீவுக்கு ராமேஸ்வரம் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, பெரிய பட்டம் ஒன்று இழுக்க, கடல்மேல் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். கைட் போர்டிங் என்று பெயர். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கரையில் சின்னதும் பெரியதுமாகப் பட்டங்கள் கிடந்தன. அங்கே கற்றுக்கொடுக்கிற அண்ணனிடம், முதல் முதலாகப் பழகுகிறவன் எந்தப் பட்டத்தை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் பட்டத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் என் எடை என்ன என்று கேட்டார். அப்புறம் கடல் பக்கம் திரும்பிக் காற்றைப் பார்த்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்கும்போதுதான் கோடியின் கதை கையில் சிக்கியது.

கோடி பிறந்தது 1867-இல், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் என்ற ஊரில். உண்மையான குடும்பப் பெயர் கவுடரி. பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எழுதப் படிக்கவே திணறியவர். குதிரை ஓட்டுவது, கயிறு வீசுவது, குறி பார்த்துச் சுடுவது, இவைதான் தெரியும். அந்த நாளில் பஃபலோ பில் கோடி என்பவரின் வீரசாகசக் காட்சி உலகப் புகழ் பெற்றிருந்தது. நம்ம ஆள் அவரைப்போலவே முடி வளர்த்து, தாடி வைத்து, பெரிய தொப்பி போட்டு, பெயரையும் கோடி என்று மாற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் சொந்தம் எதுவும் இல்லை.

1890-இல் இங்கிலாந்து வந்தார். மேடையில் சாகசம் செய்தார். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய், தான் குதிரைமேலும் எதிராளி சைக்கிள்மேலும் இருக்கப் பந்தயம் ஓட்டினார். 1898 முதல் ‘க்ளோண்டைக் நகெட்’ என்ற நாடகம் போட்டார். நல்ல வசூல். அந்தப் பணத்தை வீடு வாசல் என்று போடாமல் மனுஷன் மூங்கிலிலும் துணியிலும் கம்பியிலும் கொட்டினார். பட்டம் செய்தார்.

பட்டம் என்றால் நாம் மொட்டை மாடியில் விடுகிற பட்டம் இல்லை. 1893-இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிப் பட்டம் கண்டுபிடித்திருந்தார். அட்டைப் பெட்டியின் அடியையும் மூடியையும் எடுத்துவிட்டு, அப்படி இரண்டை முன்னும் பின்னுமாக இணைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வால் இல்லாமலே ஆடாமல் நிற்கும். கோடி அந்தப் பெட்டியின் மூலைகளில் இறக்கை வைத்தார். தூக்கும் சக்தி கூடியது. 1901-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் நோக்கம் பட்டத்தால் மனிதனைத் தூக்குவது. போர்க்களத்தில் உயரே இருந்து எதிரியைப் பார்க்க அப்போது பலூன்தான் இருந்தது. காற்று பலமாக அடித்தால் பலூன் தாக்குப்பிடிக்காது. அந்தக் காற்றில்தான் பட்டம் நன்றாக நிற்கும்.

ஒரு மனிதனைத் தூக்க வேண்டும் என்றால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ராட்சசப் பட்டம் ஒன்று செய்து அதில் ஆளைக் கட்டுவோம். கோடி அப்படிச் செய்யவில்லை. முதலில் ஒரு சின்னப் பட்டத்தை மேலே அனுப்புவார். அதற்கு வழிகாட்டிப் பட்டம் என்று பெயர் வைக்கலாம். அது காற்று இருக்கிறதா, நிலையாக இருக்கிறதா என்று காட்டும், கம்பியையும் மேலே தூக்கிப் பிடிக்கும். அது நன்றாக நின்ற பிறகு அதே எஃகுக் கம்பியில் தூக்கும் பட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். எத்தனை என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். காற்று மெதுவாக இருந்தால் அதிகப் பட்டம், பலமாக இருந்தால் குறைந்த பட்டம். கம்பி நல்ல இழுவைக்கு வந்த பிறகே கடைசியாக, கூடை தொங்கும் பட்டம் உருளைகளின்மேல் ஏறிப் போகும். அந்தக் கூடையில்தான் ஆள். ஆளின் கையில் ஒரு பிரேக், சில கயிறுகள். கயிற்றை இழுத்தால் பட்டத்தின் கோணம் மாறும், ஏறலாம், இறங்கலாம்.

பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும், சூத்திரம் சரியாகக் கட்டாவிட்டால் பட்டம் குத்திக்கொண்டு விழும். நாம் சூத்திரத்தைத் தரையில் கட்டிவிட்டால் அதோடு சரி. கோடி வானத்தில் தொங்கிக்கொண்டே சூத்திரத்தை மாற்றினார்.

இதில் நம்ம பாடமும் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் விசை. 15 நாட் காற்று 21 நாட் ஆனாலே இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) கடற்கரை அண்ணன் ஏன் காற்றைத் திரும்பிப் பார்த்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை, இதைப் படித்தபோது புரிந்தது. எழுதப் படிக்கத் திணறிய கோடி இந்த வர்க்கக் கணக்கைத் தாளில் போட்டிருக்க மாட்டார். கையில் கம்பி இழுத்த இழுப்பிலேயே படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1903 நவம்பரில் அவர் செய்த காரியத்தைப் பாருங்க. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் ஆங்கிலக் கால்வாய். காலேயிலிருந்து டோவர் சுமார் 40 கிலோமீட்டர். மடக்கி வைக்கக்கூடிய ஒரு கேன்வாஸ் படகில் ஏறி, பாயும் துடுப்பும் நம்பாமல், பட்டத்தைக் கட்டி இழுக்கவிட்டு, காலேயிலிருந்து இரவில் புறப்பட்டார். மறுநாள் டோவர் சேர்ந்தார். ராமேஸ்வரத்தில் நான் பார்த்த விளையாட்டுக்கு இந்தப் படகுப் பயணம் பாட்டன் முறை என்று தாராளமாகச் சொல்லலாம்.

கடற்படையும் ராணுவமும் அவரைக் கவனித்தன. 1904 முதல் ஆல்டர்ஷாட் ராணுவ முகாமில் சோதனைகள் நடந்தன. 1905-இல் மோர்ட்டன் என்ற படைவீரரைக் கோடியின் பட்டங்கள் 2,600 அடி உயரத்துக்குத் தூக்கின. நம்ம ஊர் கோபுரங்களை நினைத்துப் பாருங்கள், 200 அடி கோபுரத்தையே நாம் அண்ணாந்து பார்க்கிறோம். 1906-இல் ராணுவம் அவருடைய பட்டங்களை ஏற்றுக்கொண்டது, அவரையே பட்டப் பயிற்சியின் தலைமை ஆசிரியராகவும் வைத்தது. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவர் ராணுவத்துக்கே வாத்தியார்.

அங்கிருந்து அவர் ஒரே தாவலில் விமானத்துக்குப் போகவில்லை. 1905-இல் பட்டம்போல் ஏற்றி, பிறகு கயிற்றை விட்டுவிட்டால் சறுக்கி இறங்குகிற கிளைடர் செய்தார். 1907-இல் ஆள் இல்லாத பட்டத்தில் சின்ன மோட்டார் வைத்தார். அதே வருடம் நல்லி செக்குண்டஸ் என்ற ராணுவ ஆகாயக் கப்பலின் என்ஜின் வேலையைப் பார்த்து, அதில் லண்டன்வரை பறந்தார். அப்புறம்தான் விமானம். 1908 அக்டோபர் 16-ஆம் தேதி ஃபார்ன்பரோவில் அவர் கட்டிய விமானம் 1,390 அடி தூரம் பறந்தது. மொத்தம் 27 விநாடி. மரங்களைத் தவிர்க்கத் திருப்பும்போது இறக்கை தரையில் இடித்து விமானம் நொறுங்கியது. அவருக்கு அடி இல்லை. பிரிட்டன் மண்ணில் முதல் விமானப் பறப்பு என்று அதைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்த ஆளுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1909-இல் விமானத்துக்குச் செலவு செய்வது வீண் என்று அரசாங்கம் முடிவு செய்தது. கோடியின் வேலை போயிற்று. அவர் கட்டிய விமானத்தை அவரிடமே விட்டுவிட்டார்கள். வயது 42. வேறு ஒருவராக இருந்தால் நாடகத்துக்கே திரும்பியிருப்பார். இவர் அதே மைதானத்தில் ஒரு கொட்டகையில் இருந்துகொண்டு விமானத்தைத் திருத்தினார். ஆய்வுக்கூடம் இல்லை. என்ஜினும் விசிறியும் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க விமானத்தை ஒரு மரத்தில் கட்டினார். அந்த மரத்துக்குக் கோடி மரம் என்றே பெயர் வந்துவிட்டது. அது நின்ற இடத்தில் பிற்பாடு அலுமினியத்தில் அதே மாதிரி ஒன்று செய்து வைத்தார்கள். அதே 1909 செப்டம்பரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருந்தார். 1911-இல் பிரிட்டனைச் சுற்றிவரும் பந்தயத்தில் நாலாவதாக வந்தார், முழுச் சுற்றையும் முடித்த ஒரே பிரிட்டிஷ் விமானம் அவருடையது. 1912-இல் ராணுவம் நடத்திய விமானப் போட்டியில் பெரிய பெரிய கம்பெனிகள் கலந்துகொண்டன. கொட்டகைக்காரர் கோடி 5,000 பவுண்டு பரிசை அள்ளிக்கொண்டு போனார். அவரை வேண்டாம் என்ற அதே அரசாங்கத்தின் பணம்!

முடிவு சோகமானது. 1913 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, தண்ணீரில் இறங்குவதற்காக அவர் கட்டிய புது விமானத்தை ஓட்டிப் பார்க்கும்போது அது வானத்திலேயே உடைந்தது. கோடியும் உடன் சென்ற கிரிக்கெட் வீரர் எவன்ஸும் இறந்துபோனார்கள். விசாரித்தவர்கள் கட்டமைப்பில் பலம் போதவில்லை என்று கண்டார்கள். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எதுக்கு என்று கேட்கும் நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும். கை அறிவு அவரை வானம்வரை கொண்டுபோனது. கணக்கும் கூட இருந்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவ மரியாதையோடு ஆல்டர்ஷாட் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஒரு லட்சம் பேர் கூடியதாகச் சொல்வார்கள்.

இப்போது ராமேஸ்வரத்தில் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்றைய கைட் வேறு மாதிரி. முன் விளிம்பில் காற்றடித்த குழாய் இருக்கும், அதனால் கடலில் விழுந்தாலும் மூழ்காது, திரும்ப எழுப்பலாம். 1984-இல் பிரான்ஸில் லெகெனு சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையில் கோடி காலத்துப் பாடம் அப்படியே இருக்கிறது. முதலில் உன் எடை, பிறகு உன் ஊரில் பெரும்பாலான நாள் அடிக்கிற காற்று. சுமார் 70 கிலோ ஆளுக்கு 15 முதல் 20 நாட் காற்றில் 10 அல்லது 12 சதுர மீட்டர் பட்டம் பொருந்தும். என்னைப்போல 50 கிலோ ஒல்லிக்கு அதிலும் சின்னது போதும். கையில் இருக்கும் பாரைத் தள்ளினால் இழுவை குறைய வேண்டும், அது கோடியின் கூடையில் இருந்த கயிறு செய்த வேலைதான். ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் பட்டத்தின் சக்தியை அறுத்துவிடும் பிடி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பழசு வாங்கினால் தையல், குழாய், கயிறு மூன்றையும் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பழகிய பிறகுதான் வாங்க வேண்டும். பெரிய பட்டம் பெருமைக்கு ஆகும், புதுசாகப் பழகுகிறவனைக் கரையில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதை எழுதும்போது என் வீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் சேர்ந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் அப்பாவிடம் பையன் பட்டம் வாங்குவான்னு பார்த்தா பட்டயத்துக்குப் போறானே என்று வருத்தப்பட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டில் அடித்த காற்று எவ்வளவு என்று எங்களுக்குத்தான் தெரியும். அதற்குமேல் பெரிய பட்டம் எடுத்திருந்தால் கடன் எங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

வழிகாட்டிப் பட்டம் சின்னதுதான். அது போய் நின்றால்தான் மற்றதெல்லாம் அதே கம்பியில் ஏறும். என் தங்கை இப்போது எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு என்ன பட்டம் என்று நானும் அப்பாவும் இப்போதே காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை