மண்ணிலிருந்தே கார் செய்த ஹென்றி போர்டு

ஒரு மோட்டார் காரின் எடையில் பெரும்பகுதி இரும்பும் உருக்கும்தான். உருக்கு வந்து சேரத் தாமதமானால் கார் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையின்றி நிற்க வேண்டியதுதான். இதை நன்கு உணர்ந்தவர் ஹென்றி போர்டு. அதனால் சுரங்கம், கப்பல், ரெயில், உலை என்று எல்லாவற்றையும் தாமே வாங்கிப்போட்டார்.

விவசாயி மகன்

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கு அருகே, விவசாயக் குடும்பத்தில் 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி பிறந்தார் போர்டு. 12 வயதில் தாயை இழந்தார். வயல் வேலையில் அவருக்கு மனம் செல்லவில்லை. 16 வயதில் டெட்ராய்டுக்குப் போய் எந்திரப் பட்டறையில் தொழில் பழகினார். பிறகு எடிசன் மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர் ஆனார்.

வேலை முடிந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மோட்டார் வண்டி செய்தார். 1896-ல் அது தயாரானது. வெளியே கொண்டுவர வாசல் போதவில்லை. சுவரை இடித்து வண்டியை வெளியே எடுத்தார்!

முதலில் தொடங்கிய கம்பெனி நிலைக்கவில்லை. 1903-ல் போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது.

உருக்கு செய்த மாயம்

சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கார் செய்ய வேண்டும். அது கரடுமுரடான கிராமச் சாலையையும் தாங்க வேண்டும். இதுவே போர்டின் நோக்கம். கனத்த உருக்கைப் போட்டால் கார் கனக்கும், விலையும் ஏறும். வனேடியம் என்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தால் உருக்கின் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் உயரும் என்று அறிந்தார். ஓகியோ மாநிலத்தின் கான்டன் நகரில் இருந்த ஓர் ஆலை அந்த உருக்கைக் காய்ச்சித் தந்தது.

அதைக் கொண்டு 1908-ல் வந்ததுதான் 'மாடல் டி' கார். விலை 850 டாலர். 1913-ல் நகரும் வரிசையில் வைத்துக் கார்களைப் பூட்டும் முறை வந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1925-ல் விலை 260 டாலராக இறங்கியது. 1927 வரை 1 கோடியே 50 லட்சம் கார்கள் தயாராயின.

நதிக்கரையில் உலை

இத்தனை கார்களுக்கு உருக்கு வேண்டுமே! 1915-ல் ரூஜ் நதிக்கரையில் சுமார் 2 ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார் போர்டு. 1920-ல் அங்கே இரும்பு உலை எரியத் தொடங்கியது. அதே ஆண்டு ஒரு ரெயில் கம்பெனியையும் வாங்கினார். அது தெற்கே ஓகியோ நதி வரை சென்றது. நிலக்கரிக்கு அந்த ரெயில். இரும்புத் தாதுக்கு ஏரிகள் வழியே சொந்தக் கப்பல்கள். ஒரு பக்கம் தாது இறங்க, மறுபக்கம் கார் புறப்பட்டது. தாது காராக மாற 81 மணி நேரமே ஆகிறது என்று போர்டு கணக்குக் காட்டினார்.

எதையும் வீணாக்க மாட்டார். உலைக் கசடு சிமெண்டு ஆனது. மரத்துண்டுகள் அடுப்புக்கரி ஆயின. 1925-ல் அரசிடமிருந்து 199 பழைய கப்பல்களை வாங்கி, உடைத்து உலைக்கு அனுப்பினார்.

தவறிய கணக்கு

1914-ல் தினசரி 5 டாலர் சம்பளம் அறிவித்தபோது உலகமே வியந்தது. அது பழைய சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் அதைப் பெற, தொழிலாளியின் வீட்டு நடப்பையும் கம்பெனி ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தொழிற்சங்கம் என்ற பேச்சையே போர்டு சகிக்கவில்லை.

நாட்டில் பஞ்சம் வந்தது. 1932-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி வேலை இழந்தவர்கள் கடும் குளிரில் ரூஜ் ஆலைக்கு ஊர்வலம் போனார்கள். போலீசாரும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் 4 பேர் அங்கேயே மாண்டார்கள். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். 1937-ல் அதே ஆலை வாசலில் சங்கத் தலைவர்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். 1941-ல் நடந்த வேலை நிறுத்தத்துக்குப் பிறகே போர்டு பணிந்து, சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தார். உடைந்த கப்பலின் இரும்பைக்கூட உலைக்கு உதவும் என்று எடுத்தவர், உலையருகே வெந்தவன் பேச்சைக் கேட்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

எல்லாம் தம் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. டயருக்காகப் பிரேசில் காட்டில் போட்ட ரப்பர் தோட்டம் நோயால் அழிந்தது. 1945-ல் பெரும் நஷ்டத்தில் அது கைமாறியது. ரெயில் கம்பெனியை 1929-லேயே விற்றுவிட்டார். ரூஜ் உருக்காலையும் 1989-ல் வேறு கைக்குப் போயிற்று.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி ரூஜ் நதியில் வெள்ளம். போர்டு வீட்டின் மின் நிலையத்தில் தண்ணீர் புகுந்து விளக்குகள் அணைந்தன. அன்றிரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போர்டின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 83.