மடல் திருத்திய வரலாறு

திப்பு சுல்தானைக் கொங்கு மக்கள் நன்கறிவர். அவர் வழித்தோன்றலாகிய நூர் இனாயத் கானை அறிந்தோர் சிலரே. சூபி ஞானி இனாயத் கானின் மகளாக 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர் இவ்வம்மையார். திப்புவின் நேர்வழி இளவரசி என்று இவரை எழுதுவோர் உளர். குடும்ப மரபோ, தந்தையின் தாய்வழிப் பாட்டி காசிம் பீ வழியாக அவ்வுறவைச் சொல்கிறது. பெண்வழி உறவை நாம் ஏனோ எளிதில் மறந்துவிடுகிறோம்!

1940இல் பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்த நூர், 1943இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் இரகசியக் கம்பியில்லாத் தந்திப் பணியாற்றிக் காட்டிக்கொடுக்கப்பட்டார். 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் அவர் கொல்லப்பட்டதாகவே அதிகாரிகள் முதலில் முடிவு செய்தனர். போருக்குப்பின், உடன் சிறையிருந்த பிரெஞ்சுப் பெண்மணியின் மடல் லண்டனிலிருந்த குடும்பத்தாரை அடைந்தது. ஜூலைக்குப் பின்னரும் நூர் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் விலங்குடன் உயிரோடிருந்தார் என்பது தெரியவந்தது. மறுவிசாரணையில், செப்டம்பர் 13இல் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டமை உறுதியாயிற்று. 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பெற்றபோது, அரசிதழில் டாக்காவ் என்றே பதிவாயிற்று.