விங் சுன் ஆசான் இப் மான்

தென்சீனத்தின் போஷான் நகரில், 1893ஆம் ஆண்டு செல்வக் குடியொன்றில் பிறந்தவர் இப் மான். இளமையிலேயே சான் வா சுன் என்பாரிடம் 'விங் சுன்' என்னும் தற்காப்புக் கலையைக் கற்றார். முதுமையுற்றிருந்த அவ்வாசானின் கடைசி மாணவர் இவரே. போரும் ஆட்சி மாற்றமும் குடும்பச் செல்வத்தைக் கரைத்தன. 1949இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், மனைவி மக்களைப் பிரிந்து ஹாங்காங் சென்றார். மகன்கள் இருவர் அவரிடம் வந்து சேர்ந்தது 1962இல்தான்.

கையில் பொருளில்லை; கற்ற கலையே எஞ்சியிருந்தது. 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கற்பிக்கத் தொடங்கினார். விங் சுன்னில் உடல்வலிமைக்கு முதலிடம் இல்லை. உடலின் நடுக்கோட்டைக் காத்து, எதிரியின் விசையைத் தொடுகையால் உணர்ந்து, அருகில் நின்று குறுகிய வழியில் தாக்குவதே அதன் நுட்பம். பெண்துறவி ஒருவர் தோற்றுவித்த கலை என்னும் செவிவழிச் செய்தியும் இதனோடு பொருந்தவே செய்கிறது.

அவரிடம் பயின்ற இளைஞருள் ஒருவர், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற நடிகர் புரூஸ் லீ. திரைப்படங்கள் இப் மானை வெல்லற்கரிய வீரராகக் காட்டுகின்றன. அவர் பெருமை களத்தைவிடக் கற்பித்தலிலேயே மிகுதி எனலாம். 1972இல் தொண்டைப் புற்றுநோயால் தளர்ந்த நிலையிலும், பயிற்சிமுறைகள் சிதையாதிருக்கத் தாமே அவற்றைச் செய்துகாட்டிப் படச்சுருளில் பதியச் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். அச்சுருளில், மெலிந்த கைகள் மரப்பொம்மையின்முன் தயக்கமின்றி இயங்குகின்றன.