காய்ச்சலை மருந்தாக்கிய கோலி

காய்ச்சல் என்றால் அதனைத் தணித்துவிட வேண்டும் என்பதே நாமெல்லாரும் அறிந்த வைத்தியம். காய்ச்சலை வலிந்து வருவித்து, அது வரவில்லையே என்று கவலையுற்ற வைத்தியர் ஒருவரும் இருந்தார் என்று படித்தபோது நான் முதலில் நம்பவில்லை. அவர் பெயர் வில்லியம் பிராட்லி கோலி. 1862 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திற் பிறந்து, யேலிலும் ஹாவாட்டிலும் கற்று, நியூ யோர்க்கிலே சத்திரவைத்தியரானவர். ஆயினும் அவருடைய வாழ்க்கை உண்மையில் 1890 இலேதான் தொடங்குகின்றது என்பேன்.

அவ்வாண்டு பெசி டாஷீல் என்னும் பதினேழு வயதுப் பெண் கையில் வீக்கத்தோடு அவரிடம் வந்தாள். சிறு காயமென்று எண்ணியது சார்க்கோமா என்னும் கொடிய புற்றாயிருந்தது. முன்கையைத் துண்டித்தும் பயனில்லை. 1891 தை மாதத்தில் அவள் இறந்தாள். இளம் வைத்தியரின் மனம் ஆறவில்லை. வைத்தியசாலையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்திற் சார்க்கோமாவோடு கைவிடப்பட்ட ஸ்ரைன் என்ற ஜேர்மன் குடியேறி, எரிசிப்பெலசு என்னும் தோலழற்சி கண்டு, கடுங் காய்ச்சலுற்று, கட்டி கரைந்து வீடு சென்றானென்று ஓர் ஏடு கூறிற்று. ஏழாண்டுகள் கழிந்திருந்தன. கோலி ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களில் அலைந்து தேடி அவனைக் கண்டார், நலமாகவே இருந்தான்! ஏட்டைப் படித்ததோடு நில்லாது ஆளைத் தேடிச் சென்றாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

உயிருள்ள கிருமிகளையே நோயாளருக்கு ஏற்றினார். 1891 இல் ஸோலா என்னும் இத்தாலியர் அவ்வாறு பிழைத்து மேலும் எட்டாண்டு வாழ்ந்தார். வேறு இருவரோ கிருமியாலேயே மாண்டனர். ஆகவே கொல்லப்பட்ட ஸ்றெப்ரொகொக்கசுடன் செறாற்றியா என்னும் இன்னொரு பற்றீரியாவையும் கலந்து ஒரு மருந்து ஆக்கினார். 1893 இல் வயிற்றிலே பெருங்கட்டியோடிருந்த பதினாறு வயதுச் சிறுவன் அதனாற் குணமடைந்து, 1919 இல் இருதய நோயால் இறக்கும்வரை வாழ்ந்தான்.

எனினும் உலகம் அவரை நம்பவில்லை. ஜேம்ஸ் யூவிங் போன்ற பெரியோர் எக்ஸ்கதிரையும் ரேடியத்தையும் போற்றினர். கோலியிடமும் குறையுண்டு: மருந்தின் ஆக்கம் இடத்துக்கிடம் மாறியது, நோயாளரைத் தொடர்ந்து கவனித்த குறிப்புகள் சீராயில்லை. 1936 இல் அவர் மறைந்தார்.

மகள் ஹெலன் வைத்தியம் படித்தவரல்லர். தந்தையின் கடிதங்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் விவரங்களையும் தொகுத்து, 1953 இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனமொன்றை நிறுவினார். அதன் விஞ்ஞான இயக்குநராகப் பின்னர் அமர்ந்த லொயிட் ஓல்டும் துணைவரும் 1975 இல், பற்றீரிய நஞ்சேற்றிய எலிகளின் குருதியிற் புற்றைச் சிதைக்கும் பொருளொன்றைக் கண்டனர். கட்டி சிதைவுக் காரணி என அழைக்கப்பட்ட அது ஒரு புரதம்.

செறாற்றியாவின் உறையிலுள்ள நஞ்சை, விழுங்கு கலங்களின் மேற்புறத்திலுள்ள டோல் வகை வாங்கிகளுள் நான்காவது உணர்கிறது. புரூஸ் பொயிற்லர் குழுவினர் 1998 இல் இதை நிறுவினர். உடனே அக்கலம் காரணிப் புரதங்களைச் சொரிகிறது. அவை அயற்கலங்களையும் மூளையின் வெப்பச் சீராக்கியையும் தட்டியெழுப்புகின்றன, காய்ச்சல் மூள்கிறது. ட்றெம்-1 என்னும் வேறொரு புரதம் இக்கிளர்ச்சியைப் பன்மடங்காக்குகிறது. தனியே அதன் செயல் சிறிது. டோல் வாங்கியோடு சேர்ந்தாலோ சிறு பொறி பெருந்தீயாகிறது. கோலியின் இருவரைக் கொன்றதும் பலரைக் காத்ததும் இத்தகைய தீயே எனக் கருதுகிறேன், அளவே வேறு.

ட்றெம்-1 ஐத் தடுத்தால் எலிகள் நஞ்சின் அதிர்ச்சியினின்று தப்புகின்றன என்ற ஆய்வு 2001 இல் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான், தொண்ணூற்று மூன்று வயதில், ஹெலன் கண்மூடினார்.